ரெட்டை வடம்

மாமியாரின் சாமான்களைப் பங்கு வைக்கிற அன்று ரெனீ இடியப்பம் அவித்து வைத்திருந்தாள். அதை யாரும் தொடவில்லை.

மலாக்கா மாநிலத்தில், ஜாசின் பாசாருக்குப் பின்னால் இருக்கிற தாமான் குடியிருப்பில், வரிசை வீடுகளில் ஓரத்து வீடு அவர்களுடையது. ரெனீயின் கணவன் ரெஜினால்ட் ஏர்கோன் பழுதுபார்க்கிறவன். அவனுடைய அம்மா பாட்ரீசியா கடைசிவரை அவர்களோடுதான் இருந்தார். ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டி, டவுனுக்கு வந்த பிறகு தையல் தைத்து, ஒரு மகளையும் ஒரு மகனையும் ஆளாக்கியவர். கடைசிக் காலத்தில் அவருக்கு மறதி நோய் வந்துவிட்டது. சாப்பிட்ட கை காயும் முன்பே சாப்பாடு கேட்பார். ரொட்டியைத் தலையணைக்கடியில் ஒளித்து வைப்பார். சில நாள் ரெனீயை உற்றுப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் புள்ள?" என்பார்.

ரெனீ பாலர் பள்ளி ஆசிரியை. மாமியாருக்கு முடியாமல் போனதும் வேலையைக் காலை நேரத்தோடு குறைத்துக்கொண்டாள். குளிப்பாட்டியது, ஊட்டிவிட்டது, நனைந்த துணியை மாற்றியது எல்லாம் அவள்தான். பிப்ரவரி மாதம் ஒரு மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ரெஜினால்டின் அக்கா கேத்லீன் கிளேபாங்கிலிருந்து கணவர் செபாஸ்டியனோடு வந்தாள். அவளுக்கு ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. செபாஸ்டியன் மலாக்கா டவுனில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்து, ஆள் குறைப்பில் வேலையை இழந்தவர். வேலை இல்லாமல் இருந்த அந்த மாதங்களில், ரெனீ பள்ளிக்குப் போகிற காலை நேரமெல்லாம் அவர்தான் ஜாசினுக்கு வந்து மாமியாருக்குத் துணை இருந்தார். ஹாஸ்பிட்டலுக்கும் அழைத்துப் போனார். இப்போது ஒரு பழைய வேனை வாங்கி, கிளேபாங் சாலையோரம் வடையும் பிசாங் கோரெங் என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் போட்டு விற்க ஆரம்பித்திருந்தார். அந்த வேனில்தான் இருவரும் வந்து இறங்கினார்கள்.

பங்கு வைப்பது முதலில் சுமுகமாகத்தான் போனது. சேலைகளைக் கேத்லீன் எடுத்துக்கொண்டாள். கண்ணாடி அலமாரியில் இருந்த பீங்கான் தட்டுகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். கறி ஆக்குகிற பெரிய குவாலிச் சட்டி வந்தபோது குரல் கொஞ்சம் உயர்ந்தது. தையல் மெஷின் வந்தபோது நன்றாகவே உயர்ந்துவிட்டது.

"மெஷின் இங்கயே இருக்கட்டும் அக்கா," என்றான் ரெஜினால்ட்.

"இங்க யாரு தைக்கப் போறா?"

"யாரும் தைக்க வேணாம். சும்மா இருந்துட்டுப் போகட்டும்."

"சும்மா இருக்கறதுக்கு எதுக்கு லா? எனக்குத் தைக்கத் தெரியும். மம்மி எனக்குத்தான் கத்துக் குடுத்துச்சு."

"விடு கேத்லீன், ஒரு மெஷின்தானே," என்றார் செபாஸ்டியன்.

"நீங்க பேசாம இருங்க," என்றாள் கேத்லீன். மெஷின் வேனில் ஏறியது.

ஓர் அட்டைப் பெட்டி மிச்சம் இருந்தது. கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டுகிற சிலைகள். மாதா, சூசையப்பர், மாடு, ஆடு, மூன்று ராஜாக்கள், அவர்களோடு வருகிற ஒட்டகம். எல்லாம் பழைய பிளாஸ்டர் சிலைகள். காதும் கொம்பும் உதிர்ந்தவை. "எங்க வீட்டுல இதுக்கெல்லாம் எடம் இல்ல. ரெனீயே வச்சுக்கட்டும்," என்றாள் கேத்லீன். ரெனீ பெட்டியை எடுத்துப் போய்ச் சாமான் அறையின் பரணில், எப்போதும் இருக்கிற இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

அவள் திரும்பி வருவதற்குள் பேச்சு சங்கிலிக்கு வந்துவிட்டிருந்தது.

அது ரெட்டை வடச் சங்கிலி, நடுவில் சின்னச் சிலுவை கோத்தது. எஸ்டேட்டை விட்டு வருகிறபோது கைக்கு வந்த பணத்தில் பாட்ரீசியாவின் கணவர் மலாக்காவுக்குப் போய் வாங்கி வந்தது. கிறிஸ்துமஸ் பூசைக்கும் புத்தாண்டுப் பூசைக்கும் மட்டும் பாட்ரீசியா அதைக் கழுத்தில் போடுவார். மற்ற நாளெல்லாம் பீரோவுக்குள் ஒரு சின்ன இரும்புப் பெட்டியில் பூட்டிக் கிடக்கும்.

"மம்மி உயிரோட இருக்கும்போதே சொல்லியிருக்கு, சங்கிலி மகளுக்குன்னு," என்றாள் கேத்லீன்.

"எப்ப சொல்லுச்சு? நல்லா இருக்கும்போதா, யாரு என்னன்னு தெரியாம இருக்கும்போதா?"

"என்ன தம்பி பேசுற நீ?"

"பின்ன? மூத்திரத் துணிய மாத்துனது யாரு? ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்தது யாரு? அவளுக்கு ஒன்னுமே கெடையாதா?"

"என்னங்க, எனக்கு எதுவும் வேணாம்," என்றாள் ரெனீ. அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அக்காவும் தம்பியும் அம்மாவின் கட்டிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்றுகொண்டு, பள்ளிக்கூட நாட்களில் யாருக்குப் புதுச் சட்டை கிடைத்தது என்பது வரைக்கும் இழுத்துவிட்டார்கள். கடைசியில் கேத்லீன், "முதல்ல பெட்டிய எடு. பாத்துட்டுப் பேசலாம்," என்றாள்.

பெட்டிக்கு இரண்டு சாவி உண்டு. ஒன்றைப் பாட்ரீசியா என்றோ தொலைத்துவிட்டார். இன்னொன்று ரெனீயின் சாவிக்கொத்தில் இருந்தது. புத்தாண்டுப் பூசை முடிந்து வந்த அன்று மாமியாரின் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றி, உள்ளே வைத்துப் பூட்டியவள் அவள். அதன் பிறகு அவள் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

கேத்லீன் சாவியை வாங்கித் திறந்தாள். வெல்வெட் பை உள்ளே இருந்தது. பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள். ஒன்றும் விழவில்லை.

வெளியே பக்கத்து வீட்டுக்காரர் மோட்டாரை உதைத்துக் கிளப்புகிற சத்தம் மட்டும் கேட்டது. கேத்லீன் பையைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கேட்டாள்:

"சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

அவ்வளவுதான் கேட்டாள். திருடி என்று சொல்லவில்லை. எடுத்தாயா என்றும் கேட்கவில்லை. ரெனீ, "என்கிட்டதான் அக்கா இருந்துச்சு," என்றாள். ரெஜினால்ட் ஏதாவது சொல்வான் என்று பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். செபாஸ்டியன் எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்று சாயந்திரம் வரை தேடினார்கள். மெத்தையைக் கிழித்தார்கள். அரிசி டின்னைக் கொட்டிப் பார்த்தார்கள். பூந்தொட்டி மண்ணைக்கூடக் கிளறினார்கள். குடில் பெட்டியை யாரும் நினைக்கவில்லை. வருடத்தில் சில வாரம் தவிர பரணிலேயே கிடக்கிற பெட்டியில் யார் போய்த் தேடுவார்கள்?

இருட்டுவதற்குள் கேத்லீன் போய்விட்டாள். போகிறபோது போய் வருகிறேன் என்று சொல்லவில்லை.

அதன் பிறகு வந்த மாதங்களை ரெனீ எப்படிக் கழித்தாள் என்பதைச் சொல்லி மாளாது. சண்டை என்றால் ஒரு நாள் கத்தி ஓய்ந்துவிடும். இது ஓயாத வகை. ஈஸ்டருக்குக் கேத்லீனிடமிருந்து போன் வரவில்லை. ஜூலையில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு எல்லாரும் ஒன்றாகப் புக்கிட் மெர்தாஜாம் போவது வழக்கம். இந்த வருடம் கேத்லீன் வேறு யாரோடோ போய்விட்டு வந்துவிட்டாள். சிம்பாங் அம்பாட்டில் ஒரு சொந்தக்காரப் பெண்ணின் கல்யாணம் நடந்தது. இடம் இல்லாமல் ரெனீ கேத்லீனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டி வந்தது. கேத்லீன் நடுவில் இருந்த தன் கைப்பையை மட்டும் எடுத்து அந்தப் பக்கத்து இடுப்போடு வைத்துக்கொண்டாள். எதேச்சையாகச் செய்ததாகக்கூட இருக்கலாம். ஆனால் ரெனீக்குச் சோறு இறங்கவில்லை. கை கழுவுகிற சாக்கில் எழுந்துபோய், மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அவளுக்கும் யோசனை ஓடாமல் இல்லை. வேலை போன மனிதர், காலையெல்லாம் வீட்டில் அவரும் மறதிக்காரக் கிழவியும் மட்டும், அப்புறம் திடீரென்று ஒரு வேன். எத்தனையோ முறை அது நாக்கு நுனி வரை வந்தது. ரெஜினால்டிடம்கூடச் சொல்லவில்லை. தன் மேல் விழுந்ததைத் தூக்கி இன்னொருவர் மேல் போட அவளுக்கு மனம் வரவில்லை. அதோடு, செபாஸ்டியன் மாமியாருக்கு நகம் வெட்டிவிட்டதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். ஒரு குழந்தையின் கையைப் பிடிப்பது போலப் பிடித்து, ஒவ்வொரு விரலாக வெட்டினார்.

டிசம்பர் வந்தது. இந்த வருடம் குடில் வேண்டாம் என்று ரெனீ நினைத்தாள். ஆனால் தெருவில் மற்ற வீடுகளில் நட்சத்திர விளக்கு ஏறியபோது, மனது கேட்கவில்லை. பள்ளி விடுமுறை. ஒரு காலைப் பொழுதில் ஏணி வைத்துப் பெட்டியை இறக்கி, கூடத்துத் தரையில் உட்கார்ந்து பிரித்தாள்.

சிலை ஒவ்வொன்றும் பழைய பேப்பரில் சுற்றியிருந்தது. சுற்றியது பாட்ரீசியாதான். புத்தாண்டுக்குப் பிறகு வருகிற மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்த அன்று, யாரையும் தொட விடாமல் தானே உட்கார்ந்து சுற்றினார். மத்தியானம் முழுவதும் அதே வேலை. ஏதோ ஒரு வேலையில் அமைதியாக இருக்கிறாரே என்று ரெனீயும் விட்டுவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள்.

மாதாவை எடுத்து வைத்தாள். சூசையப்பரை வைத்தாள். ஒட்டகத்தைப் பேப்பரிலிருந்து உருவியபோது, உள்ளே ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. உள்ளே வெற்றிடமான சிலை. அடிவயிற்றில் இரண்டு விரல் நுழைகிற ஓட்டை உண்டு. அந்த ஓட்டையில் நீலத் துணி ஒன்று அடைத்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தாள். துணிக்குள்ளே பொடிப்பொடியாக, கண்ணி கண்ணியாக, கனமாக ஏதோ நெளிந்தது. துணியில் ஒரு நூல் பிரிந்த இடத்தில் மஞ்சளாக ஒரு மினுக்கு.

கிடைத்துவிட்டது, கடவுளே, கிடைத்துவிட்டது. துணியை உருவ விரல் போய்விட்டது. அந்தச் சமயத்தில்தான் கை அப்படியே நின்றது.

இதை அவள் எடுத்தால் என்ன ஆகும்? அவள் வீட்டுப் பரணில், அவளுக்கென்று கொடுத்த பெட்டியில், யாரும் இல்லாத நேரத்தில், அவள் கையால் எடுத்த சங்கிலி. இத்தனை மாதம் வைத்திருந்துவிட்டு, கிறிஸ்துமஸ் நெருங்கியதும் மனசாட்சி குத்தி நாடகம் ஆடுகிறாள் என்பார்கள். காணாமல் போன சங்கிலியைவிடக் கிடைத்த சங்கிலி அவளைக் கெட்டியாகத் திருடியாக்கிவிடும்.

ஒட்டகத்தைத் தூக்கிப் போய்ச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த ரெஜினால்டிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் குனிந்து ஓட்டைக்குள் பார்த்தான். துணியைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான்:

"நீ இத இப்பத்தான் பாத்தியா?"

"நீங்களுமா?" என்றாள்.

"இல்ல லா. சும்மாதான் கேட்டேன்."

"இவ்வளவு நாளும் உங்களுக்கும் இருந்துச்சா அந்தச் சந்தேகம்?"

அவன் மறுபடியும் குனிந்து ஓட்டைக்குள் பார்த்தான். பிறகு, "சரி, நாமளே எடுத்துடுவோம். பீரோவுக்குப் பின்னால கெடந்துச்சு, நான்தான் பாத்தேன்னு அக்காகிட்ட சொல்லிக்கிறேன். உன் பேரே வராது," என்றான்.

"வேணாம்."

"ஏன்?"

"பொய் சொல்லி வாங்குற நல்ல பேரு எனக்கு வேணாம். இத நானும் தொட மாட்டேன், நீங்களும் தொடக் கூடாது. அக்கா வரட்டும். அவங்க கையால எடுக்கட்டும்."

ரெஜினால்ட் போன் போட்டான். அவன் சுற்றி வளைத்துப் பேசுவதைக் கேட்கப் பொறுக்காமல் ரெனீ போனை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, நான் ரெனீ பேசுறேன்."

அந்தப் பக்கமிருந்து ஒரு 'ம்' மட்டும் வந்தது.

"அத்தை வச்சிட்டுப் போன சாமான் ஒன்னு இங்க இருக்கு. அது என்னன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க வந்துதான் தொறக்கணும்."

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"வாங்க அக்கா. ஒரு தடவ வாங்க. அதுக்கப்புறம் உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா, வரவே வேணாம்."

மறுநாள் மத்தியானம் கேத்லீன் வந்தாள். தனியாக வந்தாள், பஸ்ஸில் வந்து, பஸ் நிலையத்திலிருந்து வெயிலில் நடந்து வந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. "மாமா வரலையா?" என்று ரெஜினால்ட் கேட்டதற்கு, "அவருக்கு வேலை இருக்கு," என்று சொல்லிப் பேச்சை முடித்தாள். ரெனீ நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்தாள். அது ஒன்றே ரெனீக்குப் பெரிதாகப் பட்டது.

மேசை நடுவில் ஒட்டகம் நின்றது. ரெனீ சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டாள். "நான் கிட்டயே வரல அக்கா. நீங்களே பாருங்க."

கேத்லீன் சிலையைத் தூக்கினாள். கவிழ்த்தாள். நீலத் துணியைப் பிடித்து மெல்ல இழுத்தாள். இடித்து இடித்து வந்தது. கடைசியில் ஒரு சின்னப் பை போல முழுதாக வெளியே வந்து விழுந்தது. வாயைச் சுற்றிலும் கையால் தைத்து மூடிய பை.

"மம்மியோட நைட்டித் துணி," என்றாள் கேத்லீன். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தையலைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "இது மம்மி தையல்," என்றாள். "மம்மி முடிச்சுப் போடாது. கடைசில ஒரே எடத்துல குத்திக் குத்தி எடுத்து, பல்லால கடிச்சு விட்டுடும். எனக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்துச்சு. வேற யாருக்கும் இப்படி வராது."

ரெஜினால்ட் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் நூலை வெட்டிப் பையை மேசையில் கொட்டினாள்.

முதலில் சங்கிலி விழுந்தது, இரண்டு வடமும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு. அதன் மேல் ஒரு சின்னச் சாவி விழுந்தது. தொலைந்துபோனதாக எல்லாரும் நம்பிய அந்த இரண்டாவது சாவி. பிறகு, உருகிக் காகிதத்தோடு ஒட்டிப்போன ஒரு மிட்டாய். கடைசியாக, ஹாஸ்பிட்டலில் தொலைந்துபோனதென்று நினைத்திருந்த, பாட்ரீசியா காதில் மாட்டுகிற மெஷின்.

ரெஜினால்ட் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "இதுக்காக நான் அந்த நர்ஸ்கிட்ட எவ்வளவு சண்ட போட்டேன்," என்றான். "நீங்கதான் தொலச்சீங்க, நீங்கதான் தொலச்சீங்கன்னு. இது இங்க ஒட்டகத்துக்குள்ள உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு லா."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். ரெனீக்கும் அடக்க முடியவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. பார்த்தால், கேத்லீன் சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். தோள் குலுங்கியது. ரெனீ ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவர்னு நெனச்சேன் ரெனீ," என்றாள் கேத்லீன்.

"யாரு அக்கா?"

"அவருதான். செபாஸ்டியன்."

ரெஜினால்டின் சிரிப்பு நின்றுவிட்டது.

"வேலை போயி எவ்வளவு நாளு. கையில காசு இல்ல. தெனமும் காலைல இங்க வந்தாரு. திடீர்னு வேன் வாங்கிட்டேன்னாரு. கூட்டாளி தவணைல குடுத்தான்னாரு. அந்தப் பெட்டிய தொறந்தப்ப, சத்தியமா சொல்றேன், எனக்கு முதல்ல அவரு மூஞ்சிதான் வந்துச்சு. அன்னைக்கு இங்கேருந்து போனதுக்கு அப்புறம் அந்த வேன்ல நான் கால வைக்கல. எண்ணெ வாடை ஒத்துக்கலன்னு சொல்லிட்டேன். மழை பேஞ்சாலும் பஸ்லதான் வேலைக்குப் போறேன்."

ரெனீக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபத்தை விழுங்க அவளால் முடியவில்லை. விழுங்கவும் வேண்டாம் என்று தோன்றியது.

"அப்ப என்னைய ஏன் அக்கா கேட்டீங்க? சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு?"

கேத்லீன் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உன்னைய கேட்டா நீ இல்லன்னு சொல்லுவ. அதோட முடிஞ்சிரும். அவர கேட்டு, அவரு ஆமான்னு சொல்லிட்டா நான் எங்க போவேன்?"

"எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு அக்கா," என்று மட்டும் ரெனீ சொன்னாள். "அந்தக் கல்யாணத்துல நான் சாப்பிடக்கூட இல்ல."

"தெரியும். பாத்துக்கிட்டுதான் இருந்தேன்." கேத்லீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை ஈரமாகவும் சூடாகவும் இருந்தது. "நான் பண்ணது பெரிய தப்பு ரெனீ. நீ மம்மிக்குச் செஞ்சத நான் செஞ்சிருக்க மாட்டேன். தெரிஞ்சும்தான் பண்ணேன்."

இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ரெஜினால்ட் என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாருக்கும் கோப்பி கலக்கப் போய்விட்டான். இத்தனை மாதமாகத் தன் தோளில் எதையோ சுமந்துகொண்டிருந்தது போலவும், அதை யாரோ சொல்லாமலே இறக்கி வைத்துவிட்டது போலவும் ரெனீக்கு இருந்தது. தோள் உண்மையிலேயே வலித்தது. கேத்லீனின் முகத்தைப் பார்த்தால், அவள் சுமந்தது இன்னும் பெரிது என்று தெரிந்தது. அழுது வீங்கின முகம்தான். ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்தவளின் முகம் போலத் தெளிந்து வந்தது.

கோப்பி குடித்ததும் கேத்லீன் கணவருக்குப் போன் செய்தாள். "ஜாசினுக்கு வாங்க. என்னைய வந்து கூட்டிட்டுப் போங்க... ஆமா, வேன்லதான். வேற எதுல வருவீங்க?" போனை வைத்துவிட்டு இருவரையும் பார்த்தாள். "நான் சொன்னது அவருக்குத் தெரிய வேணாம்."

"நாங்க ஏன் அக்கா சொல்லப் போறோம்," என்றாள் ரெனீ.

அவர் வருகிற வரைக்கும் இரண்டு பெண்களும் குடிலைக் கட்டினார்கள். மாட்டை வலப்பக்கம் வைப்பதா இடப்பக்கம் வைப்பதா என்று ஒரு சின்னத் தகராறு வந்தது. மம்மி இடப்பக்கம்தான் வைக்கும் என்று கேத்லீன் சாதித்தாள். இத்தனை வருடம் கூட இருந்து பார்த்தவள் நான், வலப்பக்கம்தான் என்று ரெனீ விட்டுக்கொடுக்கவில்லை. ரெனீ யாரையும் இப்படி எதிர்த்துப் பேசி வெகுநாளாகியிருந்தது. கடைசியில் மாடு வலப்பக்கமே நின்றது.

சங்கிலியைப் பற்றியும் அப்போதுதான் பேச்சு வந்தது. "அத்தை உங்களுக்குன்னுதான் சொன்னாங்க அக்கா," என்றாள் ரெனீ. "நல்லா இருக்கும்போதுதான் சொன்னாங்க. நான் என் காதால கேட்டிருக்கேன். அன்னைக்கு யாரும் என்னைய கேக்கல."

கேத்லீன் சங்கிலியின் முறுக்கைப் பிரித்து இரண்டு வடத்தையும் தனித்தனியாக விரல்களில் தொங்கவிட்டுப் பார்த்தாள். "அப்ப இது என்னோடது. என்னோடத பிரிச்சு ஒரு வடத்த நான் யாருக்குக் குடுத்தா, யாரு என்னைய கேக்கறது?"

"கிறிஸ்மஸ் முடியட்டும் அக்கா. அப்புறம் பாப்போம்."

"பாக்கறதுக்கு ஒன்னும் இல்ல. புது வருசம் பொறந்ததும் ரெண்டு பேரும் பொற்கொல்லர் கடைக்குப் போறோம்."

செபாஸ்டியன் பொழுது சாயும் முன்பு வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் எண்ணெய். கையில் ஒரு பை நிறைய வடை. மேசை மேல் சங்கிலியைப் பார்த்ததும் வடைப் பையைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றுவிட்டார்.

"கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சு மாமா," என்றான் ரெஜினால்ட். ஒட்டகத்தின் கதையைச் சொன்னான். கேட்டு முடித்தவர், "மம்மி கெட்டிக்காரி," என்று மட்டும் சொன்னார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல் சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

புறப்படுகிறபோது கேத்லீன் நேராக வேனின் முன்பக்கத்துக்குப் போனாள். செபாஸ்டியன் அவசரமாக முந்திப் போய், தோளில் கிடந்த துண்டால் அந்த இருக்கையைத் துடைத்தார். ஒரு தடவை துடைத்தது போதாதென்று மறுபடியும் துடைத்தார். வாசலில் நின்று பார்த்த ரெனீக்கு ஒன்று புரிந்துவிட்டது. மனைவியின் சந்தேகம் அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. தெரிந்தும், கேட்காமல், காத்திருந்திருக்கிறார். கேத்லீன் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். வேன் முனை திரும்பும்வரை ரெனீ கையசைத்தாள்.

உள்ளே வந்தபோது வயிறு காலியாக இருப்பது தெரிந்தது. காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை. தட்டில் சோறு போட்டு, மத்தியானத்து மீன் குழம்பை ஊற்றி, செபாஸ்டியன் கொண்டுவந்த வடையில் இரண்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரெஜினால்ட் எதிரில் வந்து உட்கார்ந்தான். கையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"ரெனீ, நேத்து நான் அப்படிக் கேட்டது..."

"அதப் பத்தி நாம பேசத்தான் வேணும்," என்றாள் ரெனீ. "பேசுவோம். ஆனா இன்னைக்கு வேணாம். எனக்குப் பசிக்குது."

அவன் தலையாட்டினான். எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தான். ரெனீ சோற்றைப் பிசைந்து பெரிய கவளமாக எடுத்து வாயில் போட்டாள். குழம்பில் உப்பு சற்றுத் தூக்கலாக இருந்தது. ஆனாலும் ருசியாக இருந்தது. தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள்.